சின்னவளின் உயரம்

தையலக்காவின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. டேப்பு ஒன்று சொல்லும், நாக்கு வேறொன்று சொல்லும். கத்தரி மட்டும் டேப்பு சொன்னதையே கேட்கும்.

"அக்கா, போன தடவை இடுப்பு முப்பத்தி நாலு. இப்பப் பாருங்க, குறைஞ்சிருக்கும். ஒரு மாசமா நடக்கிறேன்ல" என்று தபால் ஆபீஸ் அம்மாள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். டேப்பில் முப்பத்தெட்டு காட்டும்.

"முப்பத்தி நாலுதாம்மா. ஒரு நூல் ஏறல" என்பாள் தையலக்கா, முகத்தில் ஒரு சுளிப்பு கூட இல்லாமல். நோட்டில் முப்பத்தெட்டு என்று எழுதுவாள். ஒன்று சேர்த்து முப்பத்தொன்பதுக்கு வெட்டுவாள். சட்டை கச்சிதமாக உட்காரும். "பாத்தீங்களா, நடந்தது வீண் போகல" என்று தபால் ஆபீஸ் அம்மாள் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வாள். யாருக்கு என்ன நஷ்டம்? இருபது வருஷமாக இப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது. ஆள் மனசு நோகாமல் அளக்கத் தெரியாதவள் தையல்காரியே இல்லை என்பது அவள் கட்சி.

இதே வித்தையைப் பெற்ற மகளிடமும் காட்டுவாள் என்று யார் கண்டது?

சின்னவளுக்கு ஒன்பது வயசும் மூன்று மாதமும் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், காலையில் பல் விளக்கின கையோடு கடைக்குள் ஓடி வந்து இஸ்திரி மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொள்வாள். குதிகாலைத் தரையில் அழுத்தி, தாடையை நேராக வைத்து, கண்ணை மூடிக்கொள்வாள். தையலக்கா தலைமேல் அடிஸ்கேலை வைத்து, டேப்பைத் திருப்பி சென்டிமீட்டர் பக்கமாகப் பிடித்து அளப்பாள்.

"எவ்வளவும்மா?"

"நூத்தி இருபத்தெட்டு."

"போன வாரமும் அதான சொன்ன?"

"ஒரு வாரத்துல வளர்றதுக்கு நீ என்ன கீரையா? ஓடு."

நூற்று முப்பதுதான் சின்னவளுக்கு வேண்டும். பஸ்ஸில் நாலு மணி நேரம் போனால் வரும் விளையாட்டுப் பார்க்கில் பாம்பு ரயில் என்று ஒன்று ஓடுகிறது. தண்டவாளம் வானத்துக்கு ஏறி, அங்கிருந்து தலைகுப்புற விழுந்து, சுருண்டு சுருண்டு வரும். நூற்று முப்பது சென்டி உயரம் இல்லாத பிள்ளையை அதில் ஏற்ற மாட்டார்கள். அந்த இரண்டு சென்டிக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முட்டை என்றாலே குமட்டும் பிள்ளை, மூக்கைப் பிடித்துக்கொண்டு தினம் ஒரு முட்டை விழுங்கினாள். மாடிப்படிக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக் கை காய்த்துப் போனது. "ஏண்டி, குரங்கு மாதிரி" என்று அம்மா அதட்டினால், "தொங்கினா நீளுமாம்மா, பி.டி. மிஸ் சொன்னாங்க" என்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்கள் அந்தப் பார்க்குக்குப் போனார்கள், நாலு பேராக. அப்போது பெரியவன் இருந்தான். ஒன்பது வயசு. பாம்பு ரயிலுக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, வாசலில் அளந்தபோது அவன் தேறிவிட்டான். சின்னவள் ஆறு வயசுப் பொடிசு, அவளை வெளியே போகச் சொன்னார்கள். அவள் போட்ட கூச்சலில் பார்க்கே திரும்பிப் பார்த்தது. பெரியவன் ஒரு நிமிஷம் ரயிலைப் பார்த்தான், ஒரு நிமிஷம் தங்கச்சியைப் பார்த்தான். அப்புறம் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டான். "அழாத சனியனே. நீ வளந்ததும் ரெண்டு பேரும் சேந்து ஏறலாம். நானும் இப்ப ஏறல, போதுமா?" என்றான். "டேய், இவ்வளவு நேரம் நின்னுட்டு" என்று அப்பாவே கெஞ்சினார். அவன் கேட்கவில்லை.

அடுத்த இரண்டாவது மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். மூன்றே நாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒருத்தர் எடுத்தால் இன்னொருத்தர் எழுந்து போய்விட, தானாக நின்றுபோயிற்று. சின்னவள் இரண்டொரு தடவை "அண்ணன்" என்று ஆரம்பித்து, அம்மா முகம் போன போக்கைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். தையலக்காவை "பெரியவன் அம்மா" என்று கூப்பிட்டே பழகின புருஷன்காரர், இப்போதெல்லாம் "இந்தா" என்பார். ஆனால் சின்னவள் மட்டும் இன்னமும் சின்னவள்தான்.

குட்டு உடைந்தது ஒரு கட்டிலால்.

அப்பாவுக்கு மரச்சாமான் கடையில் டெலிவரி வேலை. பீரோவும் சோபாவும் மாடி மாடியாகத் தூக்கித் தூக்கி இடுப்பு எலும்பு விலகி, வேட்டிக்கு மேல் அகலமாக ஒரு பெல்ட் கட்டிக்கொண்டுதான் நடமாடுகிறார். ஆனாலும் இரும்பு டேப்பு சட்டைப் பையை விட்டு இறங்காது. வாசல் அகலம், படி வளைவு, எல்லாம் அளந்துவிட்டுத்தான் சாமானில் கை வைப்பார். கடையில் பார்வைக்கு வைத்திருந்த சின்னக் கட்டில் ஒன்று, கால் பக்கம் கீறல் விழுந்ததால் விலை போகவில்லை. முதலாளி எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். உள்ளளவு நூற்று முப்பத்தைந்து. மகள் நூற்று இருபத்தெட்டு. ஒரு வருஷம் தாராளமாக ஓடும் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

நல்ல வெயில். தகரக் கூரை அனலாய்க் கொதித்தது. கட்டிலை மாடி அறையில் பூட்டி முடிப்பதற்குள் மனுஷன் தொப்பலாக நனைந்துவிட்டார். "ஏறிப் படு பாப்போம், மகாராணி!" என்றார்.

சின்னவள் குதித்தேறிப் படுத்தாள். தலை ஒரு பலகையில் இடித்தது. காலை நீட்டினால் பாதம் அந்தப் பக்கப் பலகையில் முட்டியது.

"அப்பா, கட்டில் சின்னதுப்பா."

"நேராப் படும்மா."

"நேராத்தான் படுத்திருக்கேன்."

அவர் டேப்பை இழுத்துக் கட்டிலை அளந்தார். நூற்று முப்பத்தைந்துதான். அப்படியே மண்டி போட்டு மகளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நின்ற தையலக்காவைப் பார்த்தார். அவளுக்குப் பேயறைந்த முகம்.

"நீ கீழ போய் விளையாடு கண்ணு. அப்பா கட்டிலைப் பெருசாக்கித் தரேன்" என்றார்.

பிள்ளை இறங்கிப் போகிறவரை பொறுத்திருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அவ எவ்வளவு?"

தையலக்கா சொம்பைக் கீழே வைத்தாள். "நூத்தி முப்பத்தாறு."

"எனக்கு என்ன சொன்ன?"

அவள் குனிந்து சொம்பின் விளிம்பைத் துடைத்தாள்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"போன வருஷம் லீவுலேருந்து."

"ஒரு வருஷமாவா? ஏய், அந்தப் பிள்ளை வாரா வாரம் செவுத்துல சாஞ்சு நின்னு கண்ணை மூடிட்டு சாமி கும்பிடுற மாதிரி நிக்கிது. நீ பாட்டுக்கு இன்னும் ரெண்டு சென்டி, இன்னும் ரெண்டு சென்டின்னு... முட்டையைத் தின்னுட்டுப் பின்னாடி போய் வாந்தி எடுக்கிதே, பாக்கல நீ?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா?"

"கவுனு எல்லாம் சரியான வளத்திக்குத்தாங்க தைக்கிறேன்."

"கவுனா இப்பப் பேச்சு!" என்று கத்தியவர், கீழே கேட்டுவிடுமோ என்று குரலைத் தணித்துக்கொண்டார். இடுப்பைப் பிடித்தபடி அந்தச் சின்னக் கட்டிலிலேயே உட்கார்ந்தார். "ஏன் இப்படிப் பண்ண? பார்க்குக்குப் போகப் பிடிக்கலன்னா, போக வேண்டாம்னு சொல்லிட்டுப் போயேன்."

தையலக்கா சுவரில் சாய்ந்தாள். கை அவளையறியாமல் கழுத்தில் கிடந்த டேப்பை உருவிச் சுருட்டியது, பிரித்தது, மறுபடி சுருட்டியது.

"சொல்லணும்னுதாங்க வாயைத் திறந்தேன். அன்னிக்கு நூத்தி முப்பது காட்டிச்சு. நாக்குல நூத்தி இருபத்தாறுன்னு வந்துடுச்சு. அவ முகம் சுருங்கிப் போச்சு. சரி, அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அடுத்த வாரமும் வரல."

"அதான் ஏன்னு கேக்கிறேன்."

"அவனுக்கு நோட்டுல நான் கடைசியா எழுதின உயரம் நூத்தி முப்பத்தி மூணு." மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவன் பேச்சை எடுத்தாள். "இவ அதைத் தாண்டிட்டா அவன் எங்கங்க பெரியவன்? இவ தாண்டிப் போய்க்கிட்டே இருப்பா. அவன் அங்கேயே நிப்பான். இவளை ரயில்ல ஏத்திட்டு நாம கையாட்டினோம்னா, அவனை வரிசையிலேயே விட்டுட்டுப் போற மாதிரி இருக்காதா?"

அப்பாவுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கட்டில் பலகையில் இருந்த கீறலைக் கட்டைவிரலால் தடவினார்.

"நாம நிக்கலாம்" என்றார் கடைசியில். "அவளை நிக்கச் சொல்றதுக்கு நமக்கு உரிமை இல்லை. லீவு சொல்றேன். ரெண்டு நாள் பார்க்குக்குப் போயிட்டு வருவோம். நீயே அவகிட்ட உண்மையைச் சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது."

"சொல்றேன்" என்றாள்.

எங்கே சொன்னாள்? அடுத்த ஞாயிறு பிள்ளை சுவரில் வந்து நின்றாள். தையலக்கா அடிஸ்கேலை வைத்தாள், அளந்தாள். "நூத்தி முப்பத்தொண்ணு!" என்று கூவிவிட்டாள்.

சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவுக்கும் வீட்டுக்கும் நாலு நடை ஓடினாள். எதிர் வீட்டு மெக்கானிக்கிடம் சொன்னாள், பால்காரரிடம் சொன்னாள், சட்டை வாங்க வந்த தபால் ஆபீஸ் அம்மாளிடமும் சொன்னாள். அப்பா டீயைக் குடித்தபடி வாசலுக்கு வந்து பெண்டாட்டி காதோரமாகச் சொன்னார்: "ஒரே வாரத்துல மூணு சென்டி. என்ன உரம் போட்ட?"

அவர் சிரிக்கத்தான் சொன்னார். அவளுக்கு அழுகை முட்டியது.

அப்புறம் பத்து நாளும் வீடு வீடாக இல்லை. சின்னவள் கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்துத் திட்டம் போட்டாள். முதலில் இடிக்கிற கார், அப்புறம் தண்ணீர்ச் சறுக்கு, அப்புறம் அப்பாவுக்காக மெதுவாகப் போகும் படகு, கடைசியில் பாம்பு ரயில். "நல்லதைக் கடைசிக்கு வச்சுக்கணும்ப்பா" என்றாள். தையலக்கா கைவேலைகளை முடிக்க மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். நடுவில் மகளுக்கு இரண்டு புதுக் கவுன் தைத்தாள். அப்பா ஊசி போட்டுக்கொண்டு இடுப்பைத் தயார் பண்ணினார். ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம் எல்லாம் டப்பாவில் ஏறின. "முட்டை எதுக்கும்மா? அதான் வளந்துட்டேனே?" என்று கேட்டாள் சின்னவள். தையலக்கா முட்டையை எடுத்து வெளியே வைத்தாள்.

பஸ்ஸில் நாலு மணி நேரம். சாயங்காலம் போய்ச் சேர்ந்து, பார்க்குக்குப் பின்னாலேயே ஒரு அறை எடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் ரயிலின் உச்சி வளைவு தெரிந்தது. சின்னவள் ஜன்னல் கம்பியை விட்டு நகரவே இல்லை.

மறுநாள் நன்றாகத்தான் விடிந்தது. லேசான மேகம், காற்று. இடிக்கிற காரில் சின்னவள் அம்மாவைத் துரத்தித் துரத்தி இடித்தாள். தையலக்காவுக்கு வண்டி நேராகவே போகவில்லை, போன இடத்திலேயே சுற்றியது. "மிஷின்தான் ஓட்டத் தெரியும் இவளுக்கு!" என்று அப்பா வேலிக்கு வெளியே நின்று கத்தினார். சறுக்கில் தண்ணீரோடு தண்ணீராக வந்து விழுந்தபோது மூக்கு வாயெல்லாம் தண்ணீர் ஏறி, இருமி, நிமிர்ந்து பார்த்தால் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். தையலக்காவும் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். சிரித்த பிறகுதான் பகீரென்றது. படகில் அப்பா ராஜா மாதிரி கால் நீட்டி உட்கார்ந்து, கரையில் நின்ற பொம்மை யானைக்கு வணக்கம் வைத்தார்.

பாம்பு ரயிலுக்கு வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அப்பா பையைக் கட்டிக்கொண்டு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். இடுப்பு வலிக்காரர்கள் ஏறக்கூடாது என்று பெரிய எழுத்தில் பலகையே வைத்திருந்தார்கள். வரிசை ஆரம்பிக்கிற இடத்தில் ஆஸ்பத்திரியில் இருப்பது போல அளவுக் கம்பம். பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பெண்.

சின்னவள் போய் நின்றாள். பழக்கம் விடுமா? குதிகாலை அழுத்தி, தாடையை நேராக்கி, கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் கட்டையைத் தலைமேல் இறக்கினாள்.

"நூத்தி முப்பத்தாறு. தாராளமா ஏறலாம் பாப்பா. போன வருஷமே வந்திருக்கலாமே நீ."

சின்னவள் கண்ணைத் திறந்தாள். "முப்பத்தொண்ணு, அக்கா" என்றாள்.

"முப்பத்தாறும்மா. நீயே திரும்பிப் பாரு."

அவள் திரும்பிக் கம்பத்தைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். உள்ளே நடந்தாள்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. தலைக்கு மேல் ரயில் போகும்போதெல்லாம் கூரை அதிர்ந்தது, ஜனங்கள் "அம்மா! ஐயோ அம்மா!" என்று அலறுகிற சத்தம் வந்து வந்து போனது. ரொம்ப நேரம் கழித்துச் சின்னவள் கேட்டாள்.

"அம்மா, உன் டேப்பு கெட்டுப் போச்சா?"

பிள்ளை தானாகவே ஒரு வழியைத் திறந்து கொடுத்துவிட்டாள். ஆமாம் கண்ணு, பழைய டேப்பு, சுருங்கிப் போச்சு என்றால் முடிந்தது. அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை பேருக்குச் சொன்ன வாய்! தையலக்கா அதை மென்று விழுங்கினாள்.

"டேப்பு நல்லாத்தான் இருக்கு. நான்தான் குறைச்சுச் சொன்னேன்."

"எப்பலேருந்து?"

"போன வருஷத்துலேருந்து."

"நான் முட்டை சாப்பிட்டேனே?"

"ஆமா."

"ஏம்மா?"

"நீ வளர்றது எனக்குப் பிடிக்கல." சொல்லும்போதே அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று உறைத்தது. ஆனால் உண்மை அதுதான், வேறு எப்படிச் சொல்வது? "அண்ணன் நூத்தி முப்பத்தி மூணு. அவனைத் தாண்டி நீ வளர்றது பிடிக்கல. அது உன் தப்பு இல்லடி. என் தப்பு."

சின்னவள் அம்மா பிடித்திருந்த கையை விடுவித்துக்கொண்டாள். "நான் அப்பாகூட ஏறறேன்."

"அப்பாவுக்கு இடுப்பு..."

"அப்பன்னா தனியா ஏறறேன்."

மேலே, ரயில் ஏறுகிற மேடையில் நின்ற ஆள் விடவில்லை. பன்னிரண்டு வயசு ஆகவில்லை, பெரியவங்க கூட வந்தே ஆகணும் என்றான். வேறு வழியில்லாமல் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். சின்னவள் கோடியில் ஒட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி இறங்கி மடியில் பூட்டியது.

ரயில் கடகடவென்று ஏறியது. பார்க் முழுக்கக் கீழே போயிற்று. எதிர்ப்பெஞ்சு, பை, அப்பா எல்லாம் சின்னதாகிக்கொண்டே போனது. தையலக்கா செருப்புக் கழலாமல் கால்விரலை மடக்கிக்கொண்டாள். பக்கத்தில் பார்த்தாள். சின்னவள் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்திருந்தது. அந்தப் பக்கமே திரும்பவில்லை.

உச்சியில் ஒரு நொடி நின்றது. அப்புறம் விழுந்தது.

முன்னாலும் பின்னாலும் அத்தனை பேரும் "அம்மா" என்றுதான் அலறினார்கள். தாடி வைத்த ஆம்பிளைகள் கூட அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். சின்னவள் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொண்டை கிழிய, "அண்ணா! அண்ணா!" என்று கத்தினாள்.

பெற்றவள் பக்கத்தில் இருக்கிறாள். கூப்பிட்டது அவளை அல்ல. தையலக்காவுக்கு ரயில் விழுந்ததும் தெரியவில்லை, சுழன்றதும் தெரியவில்லை. மூன்று வருஷமாக இந்தப் பிள்ளை அவனோடு ஏறுவதற்காகத்தான் உயரத்துக்கு அலைந்திருக்கிறாள். அவனை விட்டுவிட்டுப் போகவா நினைத்தாள்? இது தெரியாமல் ஒரு வருஷம் அளந்தேனே, பாவி, என்று நெஞ்சு வெடித்தது. கையை நீட்டி மகளின் தோளைச் சேர்த்துப் பிடித்தாள். பிள்ளை உதறவில்லை. அதற்கு அவளுக்கு நேரமும் இல்லை.

இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். அப்பா எழுந்து ஓடி வந்தார். "எப்படிடா இருந்துச்சு?" என்றவர், இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, பெஞ்சைக் காட்டினார். பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவர் தண்ணீர் கொடுத்தார், ரொட்டி எடுத்துக் கொடுத்தார். சின்னவள் ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"சொல்லு."

"அண்ணன் நூத்தி முப்பத்தி மூணா?"

"ஆமா."

"வயசு?"

"ஒன்பது வயசு நாலு மாசம்."

அவள் விரல் விட்டுப் பார்த்தாள். "அடுத்த மாசம் நான் வயசுலயும் தாண்டிடுவேன். அதுக்கப்புறம் அவனை என்னன்னும்மா கூப்பிடறது? தம்பின்னா?"

அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பெல்ட்டுக்கு மேல் அவர் முதுகு குலுங்கியது. தையலக்கா மகளின் ஈரத் தலையைத் தன் பக்கம் இழுத்து, உச்சந்தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"அண்ணான்னே கூப்பிடு. உனக்கு அறுபது வயசானாலும் அவன் அண்ணன்தான். நீயாவது கூப்பிடு."

சின்னவள் ரொட்டியைப் பிய்த்து ஒரு துண்டை வாயில் போட்டாள்.

"வீட்டுல கூப்பிடலாமாம்மா? சத்தமா?"

தையலக்கா கன்னத்தை எடுக்காமலே, கூப்பிடலாம் என்று தலையை ஆட்டினாள்.